உலகம்மாள் முதுகில் உபயம்

நாகர்கோவிலில் இருக்கிற அருள்நிழல் அறக்கட்டளைப் புற்றுநோய் மருத்துவமனையில், கொடுத்தவர் பெயர் எழுதாத பொருள் ஒன்றைக் காட்டுகிறவருக்குத் தன் கையாலேயே பொன்னாடை போர்த்துவதாகச் செயலர் பத்மகுமார் மேடைக்கு மேடை சொல்லி வந்தார். இதுவரை ஒருவரும் போர்த்திக்கொண்டதில்லை. நாற்காலியின் முதுகில் ஒரு நகைக்கடை இருந்தது. குளுக்கோஸ் மாட்டுகிற கம்பியில் ஒரு கல்யாண மண்டபம் தொங்கியது. மின்விசிறியின் இறக்கை ஒவ்வொன்றிலும் அண்ணன் தம்பிகளில் ஒருவர் பெயர். விசிறி ஓடினால் யார் பெயரும் தெரியவில்லை என்று அவர்கள் சேர்ந்து வந்து சண்டை போட்டதால், விசிறி ஓடுவதில்லை. மூத்திரச் சட்டியில் 'எங்கள் குலவிளக்கு நிதின் முதலாம் பிறந்தநாள் நினைவாக' என்று பெயின்டில் எழுதி, பக்கத்தில் ஒரு ரோஜாப்பூவும் போட்டிருந்தார்கள்.

தாழக்குடி சிவதாணு அந்தச் சட்டியைத் தூக்கும்போதெல்லாம் முன்பின் பார்த்திராத அந்தப் பிள்ளையிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதர். நெல்லும் வாழையும் போட்டுப் பிழைக்கிறவர். யார் என்ன சொன்னாலும் "செரி" என்பார். பக்கத்து வயல்காரன் வாய்க்கால் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிவிட்டு, "இந்தப் பூவு வெளைச்சலுக்கு மட்டும் பொறுத்துக்கிடும் வே" என்றால், அதற்கும் "செரி". அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவள் மனைவி உலகம்மாள். அவள் வயிற்றில் புற்று என்று டாக்டர் சொன்னபோதுகூட, எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரிசு, என்ன மருந்து என்று கேள்வி கேட்டவள் அவள்தான். சிவதாணு "செரி" என்று சொல்லிவிட்டு வெளியே போய், ஆம்புலன்ஸ் நிறுத்துகிற இடத்தில் நின்று அழுதார்.

சிகிச்சையைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். இலவசம். டாக்டர் பெனிஷ் சின்ன வயது, நல்ல படிப்பு, நல்ல மனசு. மருந்துக் குப்பியில் பெயர் எழுத இடமில்லாததால் மருந்தும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இரண்டு தடவை ஏற்றியாயிற்று. மூன்றாவதும் ஏறிவிட்டால் கட்டி சுருங்கிவிடும், அறுவைசிகிச்சை செய்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த மூன்றாவது ஊசியைத்தான் சிவதாணு தினமும் நாகராஜா கோயிலில் வேண்டிக்கொண்டிருந்தார். உலகம்மாள் எலும்பும் தோலுமாகியிருந்தாள். எழுந்து உட்கார வலுவில்லை. நாளெல்லாம் படுக்கைதான்.

இந்த நேரம் பார்த்து நிதினின் தாத்தா ஆஸ்பத்திரிக்கு வந்தார். பேரன் பெயரைப் பார்க்க ஆசைப்பட்டு வார்டுக்குள் போனார். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் தேய்த்துச் சட்டியில் 'குலவிளக்கு' அணைந்து, ரோஜாப்பூ மட்டும் மிஞ்சியிருந்தது. கொடுத்த சட்டிகளையெல்லாம் திருப்பிக் கொடு என்று வராந்தாவில் நின்று கத்தினார். உபயோகத்தில் இருந்த சட்டியையும் கேட்டார்.

பத்மகுமார் அன்றைக்கே அவசரக் கூட்டம் போட்டார்.

"நோய் குணமாகலாம், ஆகாமலும் போகலாம். அது ஆண்டவன் கையில்" என்று கூட்டத்தில் குரல் தழுதழுக்கப் பேசினார். "உபயதாரர் பெயர் அழியலாமா? அது நம் கையில் அல்லவா இருக்கிறது! நோயாளிகள் வருவார்கள், போவார்கள். போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள். பெயர் நிற்க வேண்டாமா?"

அப்படித்தான் அழியா உபயத் திட்டம் பிறந்தது. அதன் தலைச்சன் பிள்ளை ஒரு மெத்தை. குலசேகரத்தில் ரப்பர் வியாபாரம் செய்கிற ஞானசிங் கொடுத்த காற்று மெத்தை. கெட்டி ரப்பரில் கட்டைவிரல் பருமனுக்கு எழுத்து வார்த்து, மெத்தையோடு உருக்கி ஒட்டியிருந்தார்கள். தோள் வருகிற இடத்தில் 'உபயம்'. முதுகு வருகிற இடத்தில் 'ஞானசிங் ரப்பர்ஸ்'. இடுப்பில் 'குலசேகரம்'. குதிகாலில் செல்போன் நம்பர்.

மெத்தைக்கு மாலை போட்டார்கள், பொன்னாடையும் போர்த்தினார்கள். ஞானசிங் அன்றைக்கு ரப்பர் ஏலத்துக்குப் போயிருந்ததால் அவருடைய கணக்கப்பிள்ளை வந்து மெத்தை சார்பாக ஏற்றுக்கொண்டார்.

"சாதாரண மெத்தையில் நாள்பட்டுக் கிடந்தால் படுக்கைப் புண் வரும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள்" என்று பத்மகுமார் பேசினார். "இதில் வராது. அப்படியே வந்தாலும், யார் மெத்தையில் வந்தது என்பது ஊருக்கே தெரியும். அந்த வெளிப்படைத்தன்மைதான் நமது அறக்கட்டளையின் பலம்."

மெத்தையில் முதலில் யாரைப் படுக்கவைப்பது என்று பேச்சு வந்தது. கனத்த ஆள் படுத்தால் எழுத்து அமுங்கி மங்கிவிடும் என்று கணக்கப்பிள்ளை கவலைப்பட்டார். பத்மகுமாரே வார்டு முழுக்க நடந்து, ஒவ்வொரு கட்டிலிலும் நின்று பார்த்து, இருப்பதிலேயே மெலிந்த ஆளைத் தேர்ந்தெடுத்தார். உலகம்மாளுக்கு அந்தப் பாக்கியம் கிடைத்தது. சிவதாணு கும்பிட்டு "செரி" என்றார்.

போட்டோ எடுத்துக் கூட்டம் கலைந்த பிறகு உலகம்மாள் கூப்பிட்டாள்.

"கேட்டேளா, முதுகுல என்னமோ குத்துகு."

"புது மெத்தையில்லா. அப்பிடித்தான் இருக்கும்."

"மெத்தை குத்துமா? கையெ விட்டுப் பாருங்கொ."

சிவதாணு அடியில் கையை விட்டுத் துழாவினார். மேடும் பள்ளமுமாக விரலில் ஒரு 'ஞா' தட்டுப்பட்டது.

"பேரு, ஏட்டி."

"யாருக்க பேரு?"

"மெத்தை குடுத்தவரு பேரு."

"அந்நிய ஆம்பளைக்க பேரு மேல நான் எதுக்குப் படுக்கணும்? அவரு பொண்டாட்டி கேட்டா என்ன நெனைப்பா?"

நர்ஸ் ஷைஜாவிடம் போய்ச் சொன்னார். ஷைஜா கருங்கல் பக்கத்துப் பிள்ளை. வேலையில் கெட்டி. சட்டம் என்று வந்தால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது.

"அதுக்கு மேல கட்டியா ஒரு ஜமுக்காளம் விரிச்சா என்ன மோளே?"

"விரிக்கக் கூடாதுப்பா. பேரு மறையும்."

"அவ படுத்தா மறையாதா?"

"ஆளு மறைக்கலாம். துணி மறைக்கக் கூடாதுன்னு சர்க்குலர் வந்திருக்கு." ஷைஜா ஒரு விரிப்பை எடுத்து உதறிக் காட்டினாள். பெயர் வருகிற இடமெல்லாம் நீளமாகக் கத்தரித்து, ஓரம் தைத்து, ஜன்னல் வைத்திருந்தது. "இதுக்குன்னு தையக்காரன விளிச்சுத் தச்சதாக்கும்."

"அப்பம் மெத்தையெ மறிச்சுப் போட்டா?"

"மறிச்சா பேரு தரையெ பாக்கும். அது அவமரியாதை இல்லியா?"

சிவதாணு "செரி" என்றார். ஷைஜா தன்னால் முடிந்ததைச் செய்தாள். உலகம்மாளை அடிக்கடி வலப்பக்கமும் இடப்பக்கமும் திருப்பிப் படுக்கவைத்தாள். முதுகைத் தப்பித்தால் இடுப்பெலும்பு 'குலசேகரத்தில்' போய் இடித்தது. ஊரைத் தப்பித்தால் குதிகாலில் செல் நம்பர். சிவந்தது. பிறகு கறுத்தது. ஒருநாள் காலையில் உடம்பு துடைக்கும்போது துணியோடு தோலும் வந்தது.

டாக்டர் பெனிஷ் குனிந்து பார்த்தார்.

"தோல் உடைஞ்சுபோச்சு. இது ஆறாம மருந்து ஏத்த முடியாதுப்பா. மருந்து ஏறினா ரத்தத்துல எதிர்ப்பு சக்தி குறையும். புண்ணு வழியா கிருமி உள்ள போனா ஆளயே கொண்டுபோயிரும்."

"எப்பம் ஆறும் டாக்டர்?"

"மெத்தையெ மாத்தினா சீக்கிரமே ஆறும்."

"அப்பம் மாத்தச் சொல்லுங்கோ!"

டாக்டர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மருந்து, ஊசி, ஸ்கேன் எல்லாம் என் பொறுப்பு. மெத்தை மருத்துவத்துல வராது. உபயத்துல வருது. செயலரைத்தான் பாக்கணும்." நல்ல மனசுதான். செயலர் என்ற சொல் வந்தால் அவருக்கு நாக்கு உள்ளே போய்விடும்.

பத்மகுமாரின் அறையில் சுவரே தெரியாதபடி போட்டோக்கள். எல்லாவற்றிலும் அவர் யாருக்காவது பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார். சிவதாணு சொன்னதையெல்லாம் கண்ணை மூடிக் கேட்டார்.

"தானத்துக்கு வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா பெரியவரே?"

"மாடு முட்டுதே சார்."

"முட்டட்டும். மாடு யாருடையது? தானம் கொடுத்தவருடையது. அவர் மனம் நோகலாமா?"

"பழைய மெத்தை ஒண்ணு இருந்தா போதும் சார். கிழிசலானாலும் செரி."

"பழைய மெத்தைகளுக்கு உபயதாரர் கிடையாது. அநாதைகள். அவற்றை எப்படி ஒரு ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது? அனுப்பிவிட்டோம்."

"அப்பம் எங்க வீட்டு பஞ்சு மெத்தையெ கொண்டு வாறேன்."

பத்மகுமார் கண்ணைத் திறந்தார். முகம் மலர்ந்தது. "வாருங்கள், வாருங்கள்! உபயதாரர் ஆகிறீர்கள். என்ன பெயர் போடலாம்? யார் நினைவாக?"

"பேரு ஒண்ணும் வேண்டாம் சார். அவ படுக்கத்தான்."

அவ்வளவுதான், மலர்ந்த முகம் பொசுக்கென்று வாடிவிட்டது. "பெயர் வேண்டாமா? பெரியவரே, என் அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன். பெயர் போடச் சொல்லித் தானம் கொடுக்கிறவன் தர்மவான். பெயர் வேண்டாம் என்று கொடுக்கிறவனிடம் ஏதோ விவகாரம் இருக்கிறது. பெயரில்லாத மெத்தை இந்த வாசலுக்குள் வந்தால், நாளைக்கு எல்லாரும் பெயரில்லாமல் கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் எனக்கு இங்கே என்ன வேலை?"

கடைசி வாக்கியத்தைத் தான் சத்தமாகச் சொல்லிவிட்டது அவருக்கே தெரியவில்லை. சிவதாணுவுக்கும் மனசிலாகவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தார்.

ஆனாலும் புகார் என்று ஒன்று வந்துவிட்டதே. விசாரிக்க வேண்டுமல்லவா? தோல் நலக் குழு கூடியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர், ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர், நாற்காலி உபயம் செய்த நகைக்கடைக்காரர். டாக்டர் யாரும் இல்லை. டாக்டர்களைச் சேர்த்தால் பேச்சு புண்ணைப் பற்றியே போய்விடும் என்று பத்மகுமார் விளக்கம் சொன்னார்.

உலகம்மாளைக் கவிழ்த்துப் படுக்கவைத்தார்கள். தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதுகை வாசிக்க முயன்றார்.

"எழுத்தெல்லாம் திரும்பிக் கெடக்கே?"

"அச்சுல்லா. அப்பிடித்தான் விழும்" என்று நகைக்கடைக்காரர் தன் பையிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து நீட்டினார். கண்ணாடியில் பார்த்துத் தலைமையாசிரியர் உரக்க வாசித்தார். 'ஞா' தெளிவு என்றார். 'ன' பரவாயில்லை. 'சி'யின் சுழி மட்டும் சரியாக விழவில்லை என்று குறைப்பட்டார். அம்மா கொஞ்சம் இடப்பக்கம் அழுத்திப் படுத்தால் அதுவும் விழுந்துவிடும் என்று பத்மகுமார் சமாதானம் சொன்னார்.

குழுவின் முடிவை அங்கேயே அறிவித்தார்கள். "படுக்கைப் புண்ணுக்கு ஒரு உருவம் கிடையாது. இதற்கு உருவம் இருக்கிறது, வாசகம் இருக்கிறது, ஊர்ப்பெயர் இருக்கிறது. ஆகவே இது புண் அல்ல. கல்வெட்டு. இதைப் பாதுகாப்பது நமது கடமை."

கவிழ்ந்து கிடந்த உலகம்மாள் தலையணைக்குள்ளிருந்து பேசினாள். "கல்லுன்னு முடிவு பண்ணியாச்சா? நல்லதாப் போச்சு. கல்லுக்கு வலிக்காதுல்லா."

கடமைப்படி கல்வெட்டுக்குக் கட்டுப் போட ஏற்பாடாயிற்று. கட்டுக்கு வேறு உபயதாரர். கத்தாரில் காண்டிராக்ட் எடுக்கிற வினோஜ், தன் தாயார் நேசபாய் நினைவாகப் பெட்டி பெட்டியாகப் பிளாஸ்திரி கொடுத்திருந்தார். ஒவ்வொரு சாணுக்கும் நேசபாயின் படம் அச்சடித்த பிளாஸ்திரி. ஒட்டினால் உரிக்க முடியாத அளவுக்குப் பசை. தினமும் காலையில் புதிதாக ஒட்டி, படம் சுருங்காமல் தெரிகிறதா என்று போட்டோ எடுத்துக் கத்தாருக்கு அனுப்ப வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் தினமும் பழையதை உரித்தார்கள். உரிக்க உரிக்க, மெத்தை தொடாமல் விட்டிருந்த தோலும் நேசபாயோடு வந்தது.

ஷைஜா உரிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வாள். வெந்நீர் தொட்டு, எண்ணெய் தொட்டு, பைய பைய இழுப்பாள். "ஈசோப்பா, எனக்க கையாலயா இதெச் செய்யணும்" என்று முணுமுணுப்பாள். உலகம்மாள் அவளுக்கு ஆறுதல் சொல்வாள். "நீ இழு மக்கா. செத்துப்போன அம்மை என்னெ விட்டுப் போக மாட்டேங்கா. நீ என்ன செய்வே?"

கத்தாருக்குப் போன போட்டோவை வினோஜ் பெருமையோடு உபயதாரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஞானசிங்கின் கணக்கப்பிள்ளை அதைப் பார்த்துவிட்டார். எங்கள் முதலாளி பெயருக்கு மேல் நேசபாய் எப்படி வரலாம்? முதலில் ஏறியது யார் பெயர்? கத்தாரிலிருந்து பதில் வந்தது: மெத்தையில் இருப்பதுதான் உங்கள் பெயர், முதுகுக்கு நீங்கள் பட்டா வாங்கினீர்களா? அறக்கட்டளை நடுங்கிப்போயிற்று. தோல் நலக் குழு மறுபடி கூடியது.

இந்தத் தடவை சர்வேயருக்குத்தான் வேலை. பால்பாயின்ட் பேனாவை எடுத்து உலகம்மாளின் முதுகில் எல்லை போட்டார். வடக்கே தோள்பட்டை, தெற்கே இடுப்பெலும்பு. முதுகெலும்புக்குக் கிழக்கே உள்ள அளவு ஞானசிங் வகையறா. மேற்கே உள்ளது நேசபாய் வகையறா. முதுகெலும்பு இரு தரப்புக்கும் பொதுப்பாதை. காலாகாலத்துக்கும் ஆட்சேபணை இல்லை.

"எங்கப்பா எனக்கு ஒரு துண்டு நெலம் தரல்ல" என்றாள் உலகம்மாள். "இப்பம் எம் முதுகெ பாகம் வைக்காவ. நல்லா வெளையிற பூமி போலிருக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். பேனா முனை பச்சைப் புண்ணில் ஏறி இறங்கியபோது அவள் கை கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்ததைச் சிவதாணு மட்டும் பார்த்தார். பத்மகுமார் அவரிடம் திரும்பி, "உங்களுக்கும் சம்மதம்தானே பெரியவரே?" என்று கேட்டார். ஆயுசு முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். "செரி" என்றது.

அவர்கள் போன பிறகு உலகம்மாள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. இந்த நோய் வந்த நாளிலிருந்து அவள் அழுது அவர் பார்த்ததில்லை.

"இதுக்கும் செரியா?" என்று கேட்டாள். "ஊசி தள்ளித் தள்ளிப் போகு. உள்ள கட்டி வளருகு. எம் முதுகெ வரஞ்சு வச்சிட்டுப் போறான். நீங்கொ செரிங்கேளே."

சிவதாணுவுக்குத் தன் வாயிலேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

உபயதாரர் தினம் வந்தது. ஆஸ்பத்திரி முற்றத்தில் பந்தல், மேடை, ஒலிபெருக்கி. ஞானசிங்கும் அவர் மனைவி லீலாபாயும் அன்றைக்குத்தான் முதல்முதலாக வந்திருந்தார்கள். உலகம்மாளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டுவந்து மேடையில் ஏற்றினார்கள். சபைக்கு முதுகு காட்டிப் படுக்கவைத்தார்கள். மேலே ஒரு ஃபோகஸ் லைட்.

"பலர் கல்லில் பெயர் பொறிப்பார்கள்" என்று பத்மகுமார் ஆரம்பித்தார். "சிலர் நெஞ்சில் பொறிப்பார்கள். நமது ஞானசிங் அவர்களோ பயனாளியின் உடம்பிலேயே பொறித்துவிட்டார்! எத்தனையோ ஆஸ்பத்திரிகளில் நோயாளி வீட்டுக்குப் போனதும் உதவி செய்தவரை மறந்துவிடுகிறான். இங்கே மறக்க முடியாது. மறந்தாலும் வலிக்கும்!"

கை தட்டினார்கள். ஞானசிங் எழுந்து வந்தார். பெரிய உருவம், கூச்ச சுபாவம். கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றவர், பார்த்துவிட்டு அசையவே இல்லை.

"வாங்க அண்ணாச்சி" என்றாள் உலகம்மாள். "உங்க பேருதான். எல்லாம் செரியா விழுந்திருக்கான்னு பாத்துக்கிடுங்கோ. 'சி' மட்டும் கொஞ்சம் மோசம்னு வாத்தியார் சொன்னாரு."

ஞானசிங் மெத்தையின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார். "கர்த்தாவே! இம்புட்டு கெட்டியா எவன்லே போட்டது? நான் ஓரமா ஒரு மூலையில போடச் சொன்னேன்." கண் கலங்கிவிட்டது. கீழே முன்வரிசையிலிருந்து லீலாபாய் எழுந்து நின்று, "உங்க பேருல தீயெ வைக்க! மொதல்ல அந்த அம்மையெ எறக்குங்க" என்று சத்தம் போட்டாள்.

"சார், இந்த மெத்தையெ எடுத்துரும். நான் பேரில்லாத வேற மெத்தை அனுப்புகேன்" என்றார் ஞானசிங்.

"பாருங்கள், எத்தனை தன்னடக்கம்!" என்று பத்மகுமார் ஒலிபெருக்கியில் சொன்னார். மறுபடி கைதட்டல். ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு தணிந்த குரலில் மிச்சத்தைச் சொன்னார். "அது முடியாது சார். கொடுக்கிற வரைக்கும்தான் பெயர் உங்களுடையது. கொடுத்த பிறகு அறக்கட்டளையுடையது. நீங்களே கேட்டாலும் எடுக்க விதியில் இடமில்லை."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது இதுதான். சாமி என்ன செய்வதென்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றது.

"அடுத்து, பயனாளியின் கணவர் நன்றியுரை வழங்குவார்."

சிவதாணு மேடையேறினார். பத்மகுமார் அவர் தோளில் ஒரு பொன்னாடையைப் போர்த்தி, ஒலிபெருக்கியை முன்னால் நகர்த்தினார். சிவதாணு பொன்னாடையை எடுத்தார். ஜரிகை உறுத்தாதபடி நாலாக மடித்து, உலகம்மாளின் முதுகில் பைய வைத்தார். பிறகு குனிந்து அவளை இரண்டு கையாலும் தூக்கினார். கனமே இல்லை. ஒரு வாழைக்குலை இதைவிடக் கனக்கும் என்று நினைத்தபோது அவருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்ன செய்றீங்க? நிகழ்ச்சி முடியலை! கீழே விடுங்க பெரியவரே!"

"செரியில்ல" என்றார் சிவதாணு.

ஒலிபெருக்கி பக்கத்தில் இருந்ததால் அது முற்றம் முழுக்கக் கேட்டது. அதற்கு மேல் அவருக்குப் பேசத் தெரியவில்லை. படியிறங்கினார். ஷைஜா ஓடிவந்து ஒரு பக்கம் தாங்கிக்கொண்டாள். டாக்டர் பெனிஷ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார், செயலரைப் பார்த்தார், மீதியும் எழுந்துவிட்டார்.

வாசலில் காவலாளி மறித்தான். உபயப் பெயர் உள்ள எந்தப் பொருளும் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அவனுக்கு உத்தரவு. போன மாதம்தான் ஒரு கரண்டியைப் பிடித்துக் கொடுத்துப் பாராட்டு வாங்கியிருந்தான். பொன்னாடையை விலக்கிப் பார்த்தான். முதுகில் பெயர் இருந்தது.

"அம்மையெ கொண்டுபோக முடியாது. ஆஸ்பத்திரி ஐட்டமாக்கும்."

பின்னாலேயே மூச்சு வாங்க ஞானசிங் வந்து சேர்ந்தார். "அது யாரு பேருலே?"

"ஞானசிங்னு போட்டிருக்கு."

"நான்தாம்லே ஞானசிங்! எம் பேர நான் கொண்டுபோறேன், உனக்கென்ன?"

காவலாளி இதற்கு முன்னால் இப்படி ஒரு கேஸைப் பார்த்ததில்லை. செயலருக்குப் போன் போட்டான். பத்மகுமார் மேடையிலிருந்து யோசித்து, பெரிய உபயதாரரைப் பகைத்துக்கொள்ளாமலும் விதி கெடாமலும் ஒரு வழி சொன்னார். காவலாளி கேட் பாஸில் அதை அப்படியே எழுதினான்: 'பழுதுபார்ப்பதற்காக வெளியே அனுப்பப்படுகிறது.'

ஒரு நோயாளியைப் பழுதுபார்க்க ஆஸ்பத்திரியை விட்டு வெளியே அனுப்பிய பெருமை அருள்நிழலுக்கே உரியது.

ஞானசிங்கின் காரில், லீலாபாயின் மடியில் குப்புறப் படுத்தபடி உலகம்மாள் தாழக்குடிக்கு வந்து சேர்ந்தாள். பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு, தட்டி, மேலே பழைய மல்வேட்டியை விரித்தார் சிவதாணு. ஊர்த் துணைச் சுகாதார நிலையத்து ஜெனிலா சிஸ்டர் தினமும் வந்து புண்ணைக் கழுவி, பிளாஸ்திரியே போடாமல் துணியால் கட்டிவிட்டுப் போனாள். டாக்டர் பெனிஷ் விடுமுறை நாட்களில், கள்ளுக்கடைக்குப் போகிறவன் மாதிரி, ஹெல்மெட்டைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து பார்த்துவிட்டுப் போனார். வைத்தியம் பார்ப்பதற்கு ஒரு டாக்டர் ஒளிந்து வர வேண்டியிருந்தது. முதலில் செல் நம்பர் மறைந்தது. பிறகு குலசேகரம். 'ஞா' ஒன்றுதான் கடைசி வரைக்கும் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. அதுவும் ஒருநாள் தோல் மூடியது.

டாக்டர் பெனிஷ் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த தன் கூட்டுக்கார டாக்டரிடம் சொல்லி அனுப்பினார். அங்கே ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி கொஞ்சம் வளர்ந்திருக்கிறது, நேரம் வீணாகிவிட்டது, ஆனால் இன்னும் கைமீறிப் போகவில்லை என்றார்கள். முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு, மருந்து ஏற்றலாம் என்றும் சொன்னார்கள். சிவதாணு வராந்தாவில் நின்று விம்மி விம்மி அழுதார். இந்தத் தடவை ஒளிந்துகொள்ளவில்லை.

உலகம்மாளின் கையில் ஊசியைக் குத்தி, மருந்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்த நேரத்தில் சிவதாணுவின் சட்டைப்பையில் போன் அடித்தது. பத்மகுமார்.

"பெரியவரே, நலமா? அம்மாவுக்கு முதுகெல்லாம் ஆறிவிட்டதாமே! கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். பழுது முடிந்துவிட்டதென்றால் எப்போது திருப்பிக் கொண்டுவருகிறீர்கள்? இங்கே ஒரு புது உபயதாரர் காத்திருக்கிறார். நல்ல சின்னப் பெயர்தான். முதுகில் இப்போது இடம் காலியாகத்தானே இருக்கிறது?"

சிவதாணு வாயைத் திறந்தார். போனில் வந்த குரல் கட்டில் வரைக்கும் கேட்டிருந்தது. உலகம்மாள் ஊசி குத்தாத கையை நீட்டினாள்.

"இஞ்ச தாருங்கொ."

போனைக் காதில் வைத்துக்கொண்டாள். மேலே குப்பியிலிருந்து மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கி அவள் கைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"காலியில்ல சார்" என்றாள். "அங்கன நான் குடியிருக்கேன்."